தொழிலாளர் பாதுகாப்பு நிதி: சங்கமும் கூட்டுறவும் சேர்ந்து அமைக்கும் முறை

வருமானம் நின்றுபோகும் காலத்தில் உறுப்பினர்களுக்கு உதவும் பாதுகாப்பு நிதி அமைக்க முனைவோர் பெரும்பாலும் சந்தா எவ்வளவு என்ற பேச்சிலிருந்தே தொடங்குகிறார்கள். அதற்கு முன், கடந்த ஓராண்டில் உறுப்பினர்களின் வருமானம் எந்தெந்தக் காரணங்களால் எத்தனை நாள் நின்றது என்பதை ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். நோய், மகப்பேறு, விபத்து, வேலையிழப்பு, முதுமை, இறப்பு என எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் உறுதி கூறும் நிதி விரைவில் வாக்குத் தவறும் என்பதால், அடிக்கடி நேர்வதும் கணக்கிட எளிதானதுமான நோய்க்கால உதவியை முதலில் எடுத்துக்கொள்வது நல்லது.

கணக்கு கடினமானதன்று. 200 உறுப்பினர்கள் ஆண்டுக்குச் சராசரியாக 5 நாள் நோயால் வேலையிழந்தால் மொத்தம் 1,000 நாள். பாதிக் கூலி தருவதானால் 500 நாள் கூலி தேவை, அதாவது ஆளுக்கு ஆண்டுக்கு இரண்டரை நாள் கூலி. நிர்வாகச் செலவுக்கும் இருப்புக்கும் இன்னொரு நாள் கூலியைச் சேர்த்து, அதைக் கூலி கைக்கு வரும் நாளிலேயே சிறு தவணைகளாகப் பெற வேண்டும். நோயுற்றபின் சேர வருவோரால் நிதி கரையாதிருக்க, சேர்ந்து சில மாதங்கள் கழிந்த பின்னரே உதவி என்ற விதியும், ஓர் உறுப்பினருக்கு ஆண்டில் இத்தனை நாள் வரை என்ற வரம்பும் துணைவிதியில் இடம்பெற வேண்டும். நெதர்லாந்தில் சுயதொழில் செய்வோர் 2006 முதல் நடத்திவரும் 'ப்ரோட்ஃபோன்ட்ஸ்' என்னும் நோய்க்கால உதவிக் குழுக்கள் 20 முதல் 50 பேருக்குள் நிற்கின்றன. ஒருவரையொருவர் அறிந்திருப்பதே அங்கு முதன்மையான தணிக்கை. ஆனாலும் எழுத்து வடிவிலான கணக்கும், ஆண்டுதோறும் வெளித் தணிக்கையும், மூன்று பேரின் கையொப்பமும் இல்லாமல் எந்தக் குழுவும் பணத்தைத் தொடக்கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

சங்கத்துக்கும் கூட்டுறவுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுப்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். முதலாளியிடமிருந்தும் அரசிடமிருந்தும் பங்குத்தொகையைப் பேசி வாங்கும் வலிமை சங்கத்துக்கு உண்டு. பணத்தைச் சேர்த்து, காத்து, உரிய நாளில் வழங்கும் பழக்கம் கூட்டுறவுக்கு உண்டு. வேலைநிறுத்த நிதி, கடன் நிதி, பாதுகாப்பு நிதி ஆகிய மூன்றும் தனித்தனிக் கணக்குகளில் இருக்க வேண்டும். போராட்டம் நீளும்போது நோயாளியின் பணத்தில் கைவைக்கத் தூண்டும் நெருக்கடி வரத்தான் செய்யும். அகமதாபாத்தில் 1972இல் இலா பட் முதலானோர் தொடங்கிய 'சேவா' தொழிற்சங்கம், அதன் பெண் உறுப்பினர்களின் பங்குப் பணத்தில் 1974இல் தனிக் கூட்டுறவு வங்கியாக 'சேவா' வங்கியை அமைத்தது இந்தப் பிரிவினைக்கு நல்ல முன்மாதிரி. ஸ்பெயினின் மோண்ட்ராகோன் தொழிலாளர் கூட்டுறவுகளும், உறுப்பினர்கள் சுயதொழிலாளராகக் கருதப்பட்டு அரசின் சமூகப் பாதுகாப்பிலிருந்து விலக்கப்பட்டபோது, 1959இல் 'லாகுன் ஆரோ' என்ற சமூகப் பாதுகாப்பு ஏற்பாட்டைத் தங்களுக்கெனத் தொடங்கின.

வேலையிழப்பு உதவியை ஒரு சங்கம் தனித்து ஏற்கக்கூடாது. ஒருவர் நோயுறும்போது மற்றவர்கள் சந்தா செலுத்துவார்கள். தொழிலே முடங்கினால் சந்தா நிற்கும் அதே மாதத்தில் எல்லோரும் உதவி கேட்பார்கள். ஆதலால் வெவ்வேறு தொழில்களின் சங்கங்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்து இடரைப் பகிர வேண்டும். அரசின் பங்கையும் கோர வேண்டும். பெல்ஜியத்தின் கென்ட் நகராட்சி 1901இல் சங்கங்கள் தந்த வேலையிழப்பு உதவியோடு தன் பங்கையும் சேர்த்து வழங்கத் தொடங்கியது. அந்த ஏற்பாட்டின் வழிவந்த நிதிகள் டென்மார்க், ஸ்வீடன், பின்லாந்து நாடுகளில் இன்றும் இயங்குகின்றன. இத்தகைய பங்கு கிடைக்கும்வரை, இருப்பு குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால் உதவித்தொகை எவ்வாறு குறையும், யாருக்கு முதலில் வழங்கப்படும் என்பதைப் பொதுக்குழு முன்கூட்டியே முடிவுசெய்து, சேரும் ஒவ்வொருவரிடமும் எழுத்தில் தந்துவிட வேண்டும்.