எலக்ட்ரிக் காரில் ‘கீ...’ சத்தமா? சர்வீஸுக்கு விடும் முன் நீங்களே கண்டுபிடிப்பது எப்படி

பெட்ரோல் காரை விற்றுவிட்டு எலக்ட்ரிக் கார் வாங்கிய முதல் வாரம். சிக்னலில் கிளம்பும்போதெல்லாம் காதோரம் கொசு பறப்பது போல ஒரு மெல்லிய சத்தம். பின் சீட்டில் இருந்த மகள், “அப்பா, கார் விசில் அடிக்குது” என்றாள். பக்கத்தில் இருந்த தாத்தாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வயது ஏற ஏற கீச்சுச் சத்தம்தான் முதலில் காதை விட்டுப் போகும். சர்வீஸில் ஒரு நாள் வைத்திருந்து, “நார்மல்தான் சார்” என்று திருப்பிக் கொடுத்தார்கள். எது நார்மல், எது இல்லை என்று மட்டும் யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் பழகிக்கொண்ட முறை இது. சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடினால் குழம்பிப் போவீர்கள். காருக்குள் ஒலி எங்கெங்கோ பட்டுத் திரும்பும். எதோடு சேர்ந்து மாறுகிறது என்று பாருங்கள், போதும்.

படி 1: பதிவு செய்யுங்கள்

ஏசி, பாட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டுக்குப் போங்கள். பக்கத்து சீட்டில் ஒருவர் போனில் பதிவு செய்யட்டும். “முப்பது... நாற்பது... கால எடுத்தேன்...” என்று நீங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுங்கள். பிறகு கேட்கும்போது எந்த வேகத்தில் என்ன நடந்தது என்பது அதிலேயே இருக்கும். கண்ணாடியை இறக்கிவிட்டு நீளமான காம்பவுண்டு சுவரை ஒட்டி ஒருமுறை போனால், சத்தம் சுவரில் பட்டுத் தெளிவாகத் திரும்பும்.

படி 2: 20 கி.மீ. வேகத்துக்குள் மட்டுமா?

அப்படியென்றால் பெரும்பாலும் கவலை வேண்டாம். நடந்து போகிறவர்களுக்குக் கார் வருவது தெரியட்டும் என்று ஸ்பீக்கர் வைத்து வேண்டுமென்றே எழுப்பும் ஒலியாக இருக்கும். ஐ.நா.வின் வாகன விதி 138 இதை 20 கி.மீ. வேகம் வரையும், ரிவர்ஸிலும் கேட்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் எல்லாப் புதிய எலக்ட்ரிக், ஹைப்ரிட் கார்களுக்கும் இது கட்டாயம்.

படி 3: காலோடு மாறுகிறதா?

முக்கியமான சோதனை இதுதான், அவசரப்படாதீர்கள். 60-ல் சீராக ஓட்டுங்கள். ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்துங்கள். பிறகு காலை எடுங்கள். கடைசியாக, மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்று காட்டும் பவர் மீட்டர் முள் பூஜ்ஜியத்தில் நிற்கிற அளவுக்கு மட்டும் மிதியுங்கள். அழுத்தும்போதும் காலை எடுக்கும்போதும் ஒலித்து, பூஜ்ஜியத்தில் அடங்கினால் அது மோட்டார், இன்வெர்ட்டர், கியர் மூன்றில் ஒன்று.

பேட்டரி கரண்ட்டை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்ற, இன்வெர்ட்டர் நொடிக்குப் பல ஆயிரம் முறை ஆன்-ஆஃப் ஆகிறது. அந்தத் துடிப்பில் மோட்டாரின் இரும்பும் கம்பிச்சுருளும் அதிர்வதுதான் அந்தக் கொசுச் சத்தம். மின்சார ரயில் கிளம்பும்போது இதன் அண்ணனைக் கேட்டிருப்பீர்கள்.

கியர் சத்தம் வேறு ரகம். ஒரு கணக்குப் போடலாம். 60 கி.மீ. வேகத்தில், சுற்றளவு 2 மீட்டர் உள்ள டயர் நொடிக்குச் சுமார் 8.3 முறை சுற்றும். கியர் விகிதம் 9 என்றால் மோட்டார் 75 முறை சுற்றும். அதன் பல்சக்கரத்தில் 25 பல் இருந்தால் நொடிக்குச் சுமார் 1,900 தட்டல். அதுதான் விசில்! வேகம் பாதியானால் சுருதியும் சரியாக ஒரு ஸ்தாயி இறங்கும். இன்வெர்ட்டர் சுருதி பெரும்பாலும் அப்படி வேகத்தோடு வழுக்கிக்கொண்டு போகாது.

புதுக் காரிலிருந்தே மெலிதாக இருந்தால் இரண்டும் இயல்புதான். போன மாதம் இல்லாமல் இந்த மாதம் வந்தது, கரகரப்பு சேர்ந்துவிட்டது, காருக்கு அடியில் எண்ணெய்க் கறை தெரிகிறது, எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள்.

படி 4: வேகத்தோடு மட்டும் மாறுகிறதா?

கால் என்ன செய்தாலும் கண்டுகொள்ளாமல் வேகத்தோடு மட்டும் ஏறி இறங்கினால் டயர், பேரிங், காற்று மூன்றையும் சந்தேகப்படுங்கள். இடப்பக்கம் வளையும்போது பாரம் வலது சக்கரங்களில் ஏறும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கப் பேரிங்காக இருக்கலாம். 80-க்கு மேல்தான் வருகிறதென்றால் காற்றாக இருக்கலாம். கதவு, கண்ணாடி இடுக்குகளில் பெயின்டர்கள் ஒட்டும் மாஸ்கிங் டேப்பை ஒட்டி ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் ஆள் மாட்டிக்கொண்டான்.

படி 5: பிரேக்

காலை எடுத்தாலே மோட்டார் வண்டியை இழுத்துப் பிடிப்பதால் இந்தக் கார்களில் பிரேக் டிஸ்க்குக்கு வேலை குறைவு. மழை பெய்த மறுநாள் காலை துரு உரசும், நாலைந்து பிரேக்கில் போய்விடும். போகாமல் கீச்சிட்டால், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட் தேய்ந்திருக்கலாம். சில பேட்களில் டிஸ்க்கில் உரசிக் கீச்சிட்டு அதைச் சொல்லவே ஒரு தகட்டு நாக்கு இருக்கும்.

படி 6: நிற்கும்போதும் கேட்டால்

ஏசி கம்ப்ரஸர், பம்ப், ஃபேன். டொயோட்டா பிரியஸ், அக்வா போன்ற ஹைப்ரிட் வைத்திருப்பவர்கள் பின் சீட்டுப் பக்கம் இருக்கும் காற்றுத் துளைகளைப் பாருங்கள். பேட்டரி ஃபேன் அதன் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. தூசி அடைத்தாலோ பை வைத்து மறைத்தாலோ ஃபேன் அலறும், பேட்டரியும் சூடாகும். வெளியே தெரியும் தூசியை வாக்யூமால் எடுக்கலாம். அதற்கு மேல் நோண்ட வேண்டாம். ஆரஞ்சு நிற வயரில் ஓடுவது நூற்றுக்கணக்கான வோல்ட்.

சர்வீஸில் “விசில் அடிக்குது” என்று மட்டும் சொல்லாதீர்கள். போன மாதம் ஜல்லி கொட்டிய ரோட்டில் போய் வந்த பிறகு எனக்குப் புதிதாக ஒரு கீச்சு வந்தது. “20-லயே ஆரம்பிக்குது, ஆக்ஸிலரேட்டரோட மாறல, இடது முன்பக்கம், ரிவர்ஸ்ல நிக்குது” என்று சொல்லி, பதிவையும் போட்டுக் காட்டினேன். மெக்கானிக் தம்பி அந்த ஒரு சக்கரத்தை மட்டும் கழற்றி, டிஸ்க்குக்குப் பின்னால் உள்ள தகட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினார். மிளகு அளவு கல் ஒன்று தரையில் விழுந்து உருண்டது. கால் மணி நேர வேலை.