சேராங்கொட்டையும் "கழிவு வெளியேறுது" சமாதானமும்

சித்திரையில் மாங்காய் பறிக்கும்போது காம்புப் பால் பட்டு உதட்டோரம் புண்ணாவது டெல்டாக்காரர்களுக்குப் புதிதல்ல. அந்தப் பாலும், முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெயும், சேராங்கொட்டையின் கறுப்புப் பாலும் ஒரே தாவரக் குடும்பத்துச் சரக்கு. மூன்றில் சேராங்கொட்டை ரொம்பப் பொல்லாதது. வண்ணார்கள் துணியில் குறி போட்டது இதை வைத்துத்தான். எத்தனை தடவை துவைத்தாலும் போகாது. அந்தக் குறி உரசியே பிடரியில் அரிப்பு எடுத்தவர்கள் உண்டு.

இதைத்தான் வாட்ஸப் குறிப்பைப் பார்த்து, மூட்டுவலிக்கு நல்லது என்று வீட்டிலேயே வறுத்துத் தின்கிறார்கள். வறுக்கிற புகை பட்டாலே முகமும் கண்ணிமையும் வீங்கலாம். சித்த மருத்துவத்தில் சேராங்கொட்டை நெய் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. கொட்டையின் மூக்கை அரிந்து, நச்சு போகச் சுத்தம் செய்து, அளவும் பத்தியமும் சொல்லித்தான் கொடுப்பார்கள். அந்தப் பக்குவம் தெரியாத கை இதைத் தொடவே கூடாது.

"போன தடவை தின்னேன், ஒண்ணும் ஆகலையே" என்பது அடுத்த தவறு. முதல் தடவையில் உடம்பு அந்தப் பொருளை அடையாளம் மட்டும் கண்டு வைத்துக்கொள்ளும். மறுபடி உள்ளே போனால்தான் சண்டை. அதுவும் உடனே வராது, ஓரிரு நாள் கழித்தே வரும். அதற்குள் கொட்டை தின்றது மறந்துபோய், நேற்று வைத்த இறால் குழம்பின் மேல் பழி விழும். வயிற்றுக்குள் போனதற்கு அடையாளம், தடிப்பு வருகிற இடம். அக்குள், தொடையிடுக்கு, பிட்டம், முழங்கை மடிப்பு என்று இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சிவந்து, தடித்து, சில சமயம் நீர் கோத்து நிற்கும்.

இருப்பதிலேயே மோசமான தவறு இனிமேல்தான். "கழிவு வெளியேறுது, விடாம சாப்பிடு" என்று யாராவது சொல்வார்கள். தோல் தடிப்பது ஒவ்வாமை. அதில் எந்தக் கழிவும் வெளியேறுவதில்லை. தின்பதை அன்றைக்கே நிறுத்த வேண்டும்.

கார்போகரிசி என்ற நாட்டு மருந்து விதை வேறு ரகம். வெண்புள்ளிக்கென்று தானாகவே பொடித்துத் தின்றுவிட்டு நடவு வயலில் இறங்கினால், வெயில் பட்ட இடமெல்லாம் தீப்பட்டதுபோல் கொப்புளிக்கலாம். அதிலுள்ள சோராலென் என்ற பொருள் வெயிலோடு சேர்ந்து செய்கிற வேலை அது. வெண்புள்ளிக்குத் தோல் மருத்துவர்களும் சோராலென் மாத்திரை கொடுப்பதுண்டு, ஆனால் ஒளியை அளந்து காட்டுவார்கள். ஆடுதுறை வெயிலை யார் அளப்பது?

கருணைக்கிழங்கைப் பச்சையாக ஜூஸ் போடுவதும் இப்போது நடக்கிறது. தொண்டையைப் பிடுங்கும். அது அலர்ஜி இல்லை, கிழங்கிலுள்ள ஊசி போன்ற ஆக்சலேட் படிகங்கள் குத்துவது.

தோல் தடித்துவிட்டால் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து அப்ப வேண்டாம். மெடிக்கலில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பும் வேண்டாம். முகம் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ, சிறுநீர் குறைந்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். "ஏதோ நாட்டு மருந்து" என்று சொன்னால் மருத்துவருக்கு ஒன்றும் விளங்காது. மிச்சமிருக்கும் பொட்டலத்தைக் கையோடு கொண்டுபோங்கள். கடையில் வாங்கும்போதே அதன் மேல் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள்.