நம்ம ஊர் உயர்நிலைப் பள்ளியின் ரிசல்ட்டை எப்படிப் பார்ப்பது

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் ஊரே கேட்பது சதவீதத்தைத்தான். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் தலைக்கணக்கைக் கேளுங்கள். 20 பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை என்பது 5 சதவீதம். போன வருஷம் 95, இந்த வருஷம் 85 என்றால் கூடுதலாகத் தவறியது இரண்டே பேர். அதற்காக ஆசிரியர்களைத் திட்டவும் வேண்டாம். மூன்று நான்கு வருஷத்துக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள்.

அடுத்ததுதான் முக்கியம். தேர்ச்சி சதவீதம் தேர்வு எழுதியவர்களை வைத்துப் போடுவது. எழுத வராதவர்கள் அதில் இல்லை. அதனால் அதே பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தபோது எத்தனை பேர் என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். 28 பேர் சேர்ந்து, 21 பேர் எழுதி, 20 பேர் பாஸ் என்று வைத்துக்கொள்வோம். பலகையில் 95 சதவீதம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எண்ணினால் 71தான். மீதி ஏழு பேர் எங்கே? பெயர் பெயராகக் கேளுங்கள். டிசி வாங்கி வேறு பள்ளியில் சேர்ந்திருந்தால் கவலையில்லை. எமிஸ் எண்ணை (ஒவ்வொரு மாணவருக்கும் கல்வித் துறை தரும் அடையாள எண்) வைத்துப் பள்ளியிலேயே பார்த்துச் சொல்வார்கள். மற்றவர்களுக்கு வருகைப் பதிவேடுதான் சாட்சி.

எங்கள் பதிவேட்டில் ஒரு பெண்ணின் பெயருக்கு நேரே பொங்கல் வரை ஒழுங்கான வருகை, அப்புறம் வரிசையாக ஆப்சென்ட். அப்பா அம்மா செங்கல் சூளைக்குப் போனபோது, தம்பியைப் பார்த்துக்கொள்ள அவளையும் கூட்டிப்போய்விட்டார்கள். பேசிப் பாட்டி வீட்டில் தங்கவைத்தோம், தேர்வு எழுதினாள். கல்யாணப் பேச்சு என்று தெரிந்தால் தயங்காமல் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்யுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு. வீட்டில் அதையும் எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, பள்ளியில் யார் படிக்கிறார்கள்? நாட்டுப் பள்ளிகளின் விவரங்களை மத்திய அரசு தொகுத்து வைக்கும் யூடைஸ் (UDISE+) இணையதளத்தில் பள்ளியின் 11 இலக்கக் குறியீட்டைப் போட்டால் வகுப்புவாரியாக ஆண், பெண், சமூகப் பிரிவு, ஆசிரியர் எண்ணிக்கை எல்லாம் வரும். அதை உங்கள் ஊர்த் தெருக்களோடு பொருத்திப் பாருங்கள். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் தனியார் பள்ளிக்கு வேன் ஏறிப் போய்விட, கூலி வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளே மிஞ்சியிருந்தால், வேன் பள்ளியின் சதவீதத்தோடு இதை ஒப்பிடுவது அநியாயம். ஒரே வீட்டில் பையன் வேனில், பெண் நடந்து அரசுப் பள்ளிக்கு என்று இருக்கிறதா என்றும் கவனியுங்கள். காலனிப் பிள்ளைகள் எத்தனை பேர் சேர்ந்து எத்தனை பேர் பாஸ் என்பதைத் தனியாக எண்ணுங்கள். ஆனால் எந்தப் பிள்ளையின் மார்க்கையும் சாதியையும் கூட்டத்தில் வாசிக்காதீர்கள்.

பாடவாரியாகவும் பாருங்கள். தவறியவர்கள் எல்லாரும் கணக்கில் தவறியிருந்தால், கணக்கு ஆசிரியர் பணியிடம் எப்போதிலிருந்து காலி என்று கேட்டு, தீர்மானம் போட்டு முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். விவரம் தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

தவறியவர்களின் வீட்டுக்கு ரிசல்ட் வந்த வாரமே போங்கள். துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் தருவார்கள். அதில் பாஸானால் அந்த வருஷமே பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்துவிடலாம்.