மே மாதத்துக் குளத்தில் தூண்டில்: இங்கிலாந்து கிளப் நீர்நிலைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தில் ஏப்ரல் கடைசி முதல் ஜூன் நடுப்பகுதி வரை தூண்டில்காரர்கள் வெறுங்கையோடு திரும்புவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: வெளியே அடிக்கும் வெயிலை வைத்துத் தண்ணீரை எடைபோடுவது. கரையில் 22 டிகிரி இருக்கும்போது ஒன்றரை மீட்டர் ஆழத்தில் 12 டிகிரிதான் இருக்கலாம். மீன் பார்க்கும் நாள்காட்டி அந்தப் 12 மட்டுமே. கீழே வரும் தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவை. மீதிப் பாதி, தூண்டில் கிளப் தரும் உறுப்பினர் அட்டையின் பின்பக்கத்தில் உள்ள விதிகளைப் படிக்காததால் வருபவை.

எங்கே போடக் கூடாது

மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை, அந்த இரண்டு நாட்களும் சேர்த்து, இங்கிலாந்தின் ஆறுகளில் ரோச், பிரீம், சப், பார்பெல் போன்ற மீன்களுக்குத் தூண்டில் போடக் கூடாது. தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கட்டிக் கிடக்கின்றனவே, அதே மாதிரித் தடைக்காலம்தான். மீன் முட்டையிடும் காலம். குளங்களுக்கும் பெரும்பாலான கால்வாய்களுக்கும் இந்தத் தடை இல்லை. ஆனால் நார்ஃபோக், சஃபோக் பிராட்ஸ் நீர்நிலைகளிலும், இயற்கைப் பாதுகாப்புக்காக அறிவிக்கப்பட்ட சில குளங்களிலும் கால்வாய்களிலும் தடை உண்டு. சில கிளப்புகள் சட்டம் கேட்காவிட்டாலும் தம் குளத்தைச் சில வாரம் மூடி வைக்கும். ஆற்றோடு வாய்க்காலால் இணைந்த குளம் என்றால் ஊகிக்க வேண்டாம், கிளப் செயலாளரிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்த குழப்பம் காகிதங்களில். என்விரான்மென்ட் ஏஜென்சி தரும் ராட் லைசென்ஸ் வேறு, கிளப் உறுப்பினர் அட்டை அல்லது ஒருநாள் டிக்கெட் வேறு. முதலாவது தூண்டில் போடச் சட்டம் தரும் அனுமதி. இரண்டாவது அந்தக் குறிப்பிட்ட தண்ணீருக்கு உரிமையாளர் தரும் அனுமதி. இரண்டும் கையில் இருக்க வேண்டும். 13 வயது ஆனவர் எல்லோருக்கும் லைசென்ஸ் கட்டாயம். 13 முதல் 16 வரை காசு இல்லை, ஆனாலும் எடுத்தே ஆக வேண்டும். இல்லாமல் பிடிபட்டால் அபராதம் 2,500 பவுண்ட் வரை போகலாம். "நான் போடவில்லை, அண்ணனுடைய கம்பைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தேன்" என்பது செல்லாது.

பிறகு, நம்மவர்களுக்குப் பழக்கத்தால் வரும் தவறு: பிடித்ததைக் குழம்புக்கு எடுத்துப் போவது. குளத்திலோ கால்வாயிலோ உரிமையாளரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒரு மீனைக்கூட எடுக்க முடியாது. ஆற்றில் சட்டம் கொஞ்சம் விடுகிறது: நாளொன்றுக்கு 20 செ.மீ. வரையுள்ள சிறு மீன் 15, 65 செ.மீ. வரையுள்ள பைக் ஒன்று, 30 முதல் 38 செ.மீ. வரையுள்ள கிரேலிங் இரண்டு. விலாங்கு எந்த அளவாக இருந்தாலும் திரும்ப விட வேண்டும். சட்டம் விட்டாலும் கிளப் விடாது. ஏறக்குறைய எல்லாக் கிளப்பிலும் பிடித்த மீன் தண்ணீருக்கே போகும். சமைக்க மீன் வேண்டுமென்றால் ட்ரவுட் குளங்களுக்குப் போங்கள். அங்கே இத்தனை மீன் எடுத்துக்கொள்ளலாம் என்று கணக்கு வைத்தே டிக்கெட் விற்கிறார்கள்.

வெப்பமானி இல்லாமல் இடம் பிடிப்பது

நூலில் கட்டிய ஒரு சாதாரண வெப்பமானியை அடிமட்டம் வரை இறக்கி ஐந்து நிமிடம் விட்டு எடுங்கள். 10 டிகிரிக்குக் கீழே என்றால் மீன் மந்தம். சிறிய இரை, கொஞ்சமே தீனி. 12 முதல் 16 வரை டெஞ்ச் என்ற மீனும் பிரீமும் நன்றாக மேயத் தொடங்கும். 18ஐ நெருங்கும்போது கெண்டையும் டெஞ்சும் முட்டையிடும் நினைப்புக்குப் போய்விடும். இரையில் ஆர்வம் சட்டென்று குறையும்.

மேகமில்லாத மே இரவுகளில் கடும் குளிர் இறங்கும். அப்படிப்பட்ட இரவுக்குப் பின் விடிகாலையில் மிகவும் ஆறிப்போயிருப்பது ஆழமில்லாத கரையோரம்தான். முந்தின நாள் மாலை அங்கே மீன் துள்ளியதைப் பார்த்துவிட்டு ஐந்து மணிக்கே அதே இடத்தில் உட்காருவது வீண். வெயில் ஏறும்வரை ஆழத்தை ஒட்டிய சரிவில் போடுங்கள், பத்து மணிக்கு மேல் ஓரத்துக்கு மாறுங்கள்.

"காற்று அடிக்கும் பக்கம் போ" என்ற பழைய பாடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவதும் இந்த மாதத்தில் தவறு. தென்மேற்குக் காற்று என்றால் சரி, சூடான மேல்நீரை எதிர்க்கரைக்குத் தள்ளும், மீனும் பின்னால் போகும். வடகிழக்குக் காற்று என்றால் தலைகீழ். அப்போது காற்று உங்கள் முதுகில் படும் கரையைத் தேர்ந்தெடுங்கள். மரமும் நாணலும் மறைக்கும் அந்த ஓரத்துத் தண்ணீர் அசையாமல் வெப்பத்தை வைத்திருக்கும்.

தீனி: அள்ளிக் கொட்டுவது

கிளப் குளங்களில் அதிகம் நடக்கும் தவறு இதுதான். வந்ததும் வராததுமாக ஒரு கிலோ தீனிப் பொடியைப் பிசைந்து பத்து உருண்டை வீசிவிட்டுக் காத்திருப்பார்கள். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. 13 டிகிரித் தண்ணீரில் மீன் அவ்வளவு தின்னாது. மிச்சம் அடியில் புளித்துக் கிடக்கும், அடுத்த இரண்டு நாளைக்கு அந்த இடமே பாழ்.

நாலு மணி நேர மாலைப் பொழுதுக்கு அரைக் கிலோ உலர்பொடி தாராளம். தண்ணீரைப் பொடியில் ஒரேயடியாக ஊற்றினால் கட்டி பிடிக்கும். கை விரல்களால் கிளறிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிக்க வேண்டும். புட்டு மாவுக்கு நீர் தெளிக்கத் தெரிந்தவருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பதமும் ஏறக்குறைய அதேதான், பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். பதினைந்து நிமிடம் மூடி வையுங்கள். பொடி நீரை இழுத்துக் காய்ந்தாற்போல் ஆகியிருக்கும். மீண்டும் லேசாகத் தெளித்துச் சல்லடையில் சலியுங்கள். மீன்தூள் கலந்த பொடி என்றால் இரண்டாவது தடவை இன்னும் கொஞ்சம் கேட்கும். இந்த இரண்டாவது நனைப்பைத் தவிர்ப்பவரின் உருண்டை அடிக்குப் போகும் முன்பே நடுநீரில் சிதறும், குட்டி ரோச் கூட்டம் மேலே வந்துவிடும், டெஞ்ச் கீழே பட்டினி.

தொடக்கத்தில் எலுமிச்சம்பழ அளவில் மூன்று உருண்டை. பிறகு தக்கை சொல்வதைக் கேளுங்கள். கடி தொடர்ந்து வந்தால் அரை மணிக்கு ஒன்று. ஊசிமுனை போன்ற குமிழிகள் கொத்தாகப் பொங்கினால் டெஞ்ச் மண்ணைக் கிளறுகிறது என்று பொருள், அப்போது எதுவும் போடாதீர்கள். மேகட் என்று கடையில் விற்கும் ஈப்புழுவோடு ரோச் தேடுபவர்கள் ஒவ்வொரு வீச்சுக்கும் பத்துப் பதினைந்து புழு தூவினால் போதும். கைநிறைய ஒரு தடவை போடுவதைவிட இது எப்போதும் மேல்.

கொண்டைக்கடலை கெண்டைக்கு அருமையான இரை, நம் வீட்டிலேயே இருக்கும். ஆனால் ஊறப் போட்டதோடு நிறுத்துவது ஆபத்து. ஓர் இரவு முழுக்க ஊறி, நகத்தால் அழுத்தினால் நசுங்கும்வரை வேக வேண்டும். வேகாத பயறு மீனின் வயிற்றில் உப்பும். நிலக்கடலையையும் வேறு கொட்டைகளையும் பல கிளப்புகள் முற்றாகத் தடை செய்திருக்கின்றன, அட்டையைப் பாருங்கள்.

ஆழம், எடை, முடிச்சு

ஆழம் பார்க்காமல் தக்கையைக் குத்துமதிப்பாக வைப்பவர் அன்று முழுதும் மீனுக்கு மேலேயோ பாசிக்குள்ளேயோ இரையைத் தொங்கவிடுகிறார். முள்ளில் மாட்டும் ஆழக்குண்டு மலிவான சாமான். அதைக் கோத்து, தக்கையின் நுனி மட்டும் வெளியே தெரியும்வரை சரிசெய்யுங்கள். ஒரே இடத்தில் வேண்டாம். முன்னும் பின்னும், இடமும் வலமும் ஒரு மீட்டர் தள்ளி நாலைந்து தடவை போட்டால் சரிவு எங்கே முடிகிறது என்று புரிந்துவிடும். டெஞ்சுக்கு அந்தச் சரிவின் அடிவாரம்தான் முகவரி.

எடைக்குண்டுகளில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையுள்ள ஈயத்தைத் தூண்டிலில் பயன்படுத்த 1987 முதல் தடை. அன்னங்கள் ஈயக்குண்டை விழுங்கிச் செத்ததால் வந்தது. எட்டாம் எண்ணும் அதைவிடச் சிறியதுமான பொடிக் குண்டுகளுக்கு மட்டும் விலக்கு. பழைய பொருள் சந்தையில் தூண்டில் பெட்டி வாங்கினால் அதற்குள் கிடக்கும் குண்டுகளை முதலில் ஒதுக்கிவிடுங்கள். டங்ஸ்டன், தகரக் கலவைக் குண்டுகள் எல்லாக் கடையிலும் இருக்கின்றன.

மே மாத டெஞ்சுக்குத் தூக்கும் முறை நன்றாக வேலை செய்யும். முள்ளிலிருந்து ஐந்து செ.மீ. தள்ளி 0.8 கிராம் எடையுள்ள ஏஏஏ குண்டு ஒன்று. தக்கையை ஆழத்தைவிடச் சிறிது கூடுதலாக வைத்து, நுனி மட்டும் தெரியும்வரை தூண்டில் நரம்பை இறுக்க வேண்டும். டெஞ்ச் தலைகீழாக நின்று இரையை எடுத்து நிமிரும்போது குண்டும் மேலே வரும், தக்கை எழுந்து படுத்துவிடும். இங்கே தவறுபவர்கள் எழுந்த தக்கை மீண்டும் மூழ்கட்டும் என்று காத்திருப்பார்கள். அதற்குள் மீன் துப்பிவிட்டிருக்கும். தக்கை எழும்போதே சுண்ட வேண்டும்.

பிரதான நரம்பு 6 பவுண்ட் எடை தாங்குவது, முள்ளைக் கட்டும் முள் நரம்பு 4 அல்லது 5 பவுண்ட் தாங்குவது, 12 அல்லது 14ஆம் எண் முள். முள் நரம்பு எப்போதும் இளைத்ததாகவே இருக்கட்டும். அறுந்தால் மீன் வெறும் முள்ளோடு போகும், தக்கையையும் குண்டையும் இழுத்துக்கொண்டு போகாது. முடிச்சை எச்சிலால் நனைக்காமல் இறுக்கினால் உராயும் சூட்டில் நைலான் அங்கேயே பலவீனமாகிவிடும். ரீலின் பிரேக்கையும் கையால் இழுத்துப் பாருங்கள், நரம்பு அறுவதற்கு முன்பே வழுக்கி வெளியேற வேண்டும்.

'போல்' எனப்படும் நீண்ட கார்பன் கம்பு வைத்திருப்பவர்கள் தலைக்கு மேலேயும் பார்க்க வேண்டும். 13 மீட்டர் கார்பன் குழாய் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், தொடாமலேயே பாயலாம். மின்கம்பிகளிலிருந்து 30 மீட்டருக்குள் உட்கார வேண்டாம்.

முட்டையிடும் மீனைத் துன்புறுத்துவது

நாணல் ஓரத்தில் கெண்டைகள் கூட்டமாகப் புரண்டு தண்ணீரைக் கலக்கினால் அது இரை தேடுவதல்ல. அங்கே தூண்டில் போட்டால் உடம்பில்தான் முள் குத்தும். கம்பைச் சுருட்டிக்கொண்டு குளத்தின் மறுபக்கம் போங்கள், அல்லது அன்றைக்கு விட்டுவிடுங்கள். ஆண் பிரீமின் தலையிலும் தோளிலும் வெள்ளை மணி மணியாகச் சொரசொரப்பு இருந்தால் நோய் என்று பயப்பட வேண்டாம், பருவத்தின் அடையாளம். வயிறு பருத்த பெண் மீனை எடை போட்டுப் படம் எடுக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு உடனே விடுங்கள்.

கையை நனைக்காமல் மீனைத் தொட்டால் மேல்வழுவழுப்பு போய்விடும், பூஞ்சை அங்கேதான் தொற்றும். நின்றுகொண்டு தூக்கிப் பிடிப்பதும் வேண்டாம்; மண்டியிட்டு, ஈரமான பாயின் மேல் வைத்தே முள்ளைக் கழற்றுங்கள். பல குளங்களில் எதிர்க்கூர் இல்லாத 'பார்ப்லெஸ்' முள்ளுக்கு மட்டுமே அனுமதி.

நாணலை வெட்டி இடம் திறப்பவர்களும் உண்டு. அதற்குள் கூட் பறவையோ மூர்ஹென்னோ கூடு கட்டியிருக்கும். பயன்பாட்டில் உள்ள கூட்டை அழிப்பது 1981 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

கிளப் போட்டியில்

மே வந்தால் வார நாட்களில் மாலைப் போட்டிகள் தொடங்கும். சீட்டு எடுத்த பெக்கில், அதாவது உங்களுக்கு விழுந்த கரையிடத்தில், உட்கார்ந்ததும் ஆழம் பார்க்கலாம், பொடி பிசையலாம். தொடக்க விசிலுக்கு முன் ஒரு புழுகூடத் தண்ணீரில் விழக் கூடாது, விழுந்தால் வெளியேற்றம்தான்.

மீனைப் பாதுகாக்கும் கீப்நெட் குறைந்தது 2 மீட்டர் நீளம் வேண்டும், வளையங்களுக்கு இடையே உள்ள தூரம் 40 செ.மீ.க்குள், கண் 25 மி.மீ.க்குள், முடிச்சில்லாத வலை. கடையில் இருக்கும் மலிவுச் சிறு வலைகள் எல்லாம் இந்த அளவுக்குத் தேறாது. வலையை முழு நீளத்துக்கு விரித்து ஆழத்தில் கிடத்துங்கள். கெண்டைக்கு ஒரு வலை, சிறு மீன்களுக்கு ஒரு வலை. வெப்பமான, காற்றில்லாத நாளில் தண்ணீரில் பிராணவாயு குறைவு. கிளப் சொல்லும் எடை எல்லையைத் தாண்டி அடைத்தால் கீழே இருப்பவை திணறும். தராசு உங்கள் பெக்குக்கு வந்து நிற்கும்வரை வலையைத் தூக்கவே வேண்டாம். வரிசையில் மூன்று பேர் முன்னால் இருக்கும்போதே மீனைக் கரையேற்றி வைப்பது கொடுமை.

எடை எழுதும்போது இன்னொன்று: ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ். 4 பவுண்ட் 12 அவுன்ஸ் என்பதை 4.12 என்று குறித்துவிட்டால் கூட்டல் முடிவில் சண்டைதான், அது 4.75.

போட்டி முடிந்து ஈர வலையைச் சுருட்டிக் காரின் பின்னால் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வேறு குளத்தில் அதையே இறக்குவது கடைசித் தவறு, ஆனால் விளைவில் பெரியது. கெண்டைகளைக் கூட்டமாகக் கொல்லும் கோய் ஹெர்பீஸ் வைரஸ் தண்ணீர் 16 டிகிரியைத் தாண்டும்போது வெடிக்கும், அது சரியாக இந்த வாரங்கள்தான். கிளப் வாசலில் கிருமிநாசினித் தொட்டி இருந்தால் வலை, பாய், எடைப்பை மூன்றையும் முக்குங்கள். வீட்டுக்கு வந்ததும் துணிக்கொடியில் வெயில் படத் தொங்கவிட்டு, மடிப்புகளை விரித்து, வளையத்தின் தையல் ஓரம்வரை காய்ந்துவிட்டதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.