குன்னூரில் ஒரு நாள்: மேலிருந்து கீழே இறங்குங்கள்

முதல் தடவை குன்னூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறி, பாதியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். அதனால் சொல்கிறேன்: காலையில் பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்து நேரே சிம்ஸ் பூங்கா போய்விடுங்கள். 1874-இல் தொடங்கியது, மரங்களுக்காகவே பார்க்கலாம். அங்கிருந்து பெட்ஃபோர்டு வழியாக மார்க்கெட்டுக்கு நடந்தே இறங்கலாம்.

வழியில் வயிறு முட்டச் சாப்பிட வேண்டாம். பேக்கரியில் வர்க்கி என்கிற மொறுமொறுப்பான அடுக்கு பிஸ்கட் கால் கிலோ போதும். வாங்குமுன் ஒன்றைக் கேட்டு உடைத்துப் பாருங்கள். அடுக்கடுக்காக நொறுங்க வேண்டும், எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தால் பழசு. சூடான டீயில் முக்கினால் இரண்டே நொடி, அதற்கு மேல் கிளாஸுக்குள் விழுந்துவிடும்! ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை அப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

துணிப்பையும் ஸ்டீல் தண்ணீர் பாட்டிலும் அவசியம். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. சொந்த வண்டியில் வந்தால், நீலகிரிக்குள் நுழைய ஆன்லைனில் தரும் இ-பாஸ் அனுமதியை எடுத்துவிடுங்கள்.