பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்: அடியில் குனிந்து பாருங்கள்

கிருஷ்ணகிரிப் பக்கம் விலைக்கு வரும் பழைய ஜீப்புகளில் கிரானைட் குவாரியிலும் மாந்தோப்பிலும் உழைத்தவையும் உண்டு. புதுப் பெயிண்டில் மயங்க வேண்டாம்.

முதலில் டிரான்ஸ்பர் கேஸ், அதாவது எஞ்சின் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி. மண் தரையில் 4 ஹை (நான்கு சக்கர ஓட்டம், வழக்கமான வேகம்) போட்டு மெதுவாக நகர்த்துங்கள். பிறகு வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து 4 லோ (வேகம் குறைவு, இழுவை அதிகம்). 20 அடி முன்னே, 20 அடி பின்னே. லீவர் இறுகியிருந்தாலோ, ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது தானாக நழுவினாலோ செலவு பெரிது. பார்ட் டைம் வகையை, அதாவது தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர ஓட்டத்துக்கு மாற்றும் வண்டியை, தார் ரோட்டில் இப்படிச் சோதிக்கக் கூடாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வெவ்வேறு தூரம் ஓடும். வழுக்க மண் இல்லாவிட்டால் கியரும் ஷாஃப்டும் முறுக்கிக்கொள்ளும். இதே காரணத்தால் நான்கு டயரும் ஒரே அளவா என்றும் பாருங்கள்.

ஆக்ஸிலில் ஆயில் ஊற்றும் மூடியான ஃபில்லர் பிளக்கைக் கழற்றி விரல் விடுங்கள். ஆயில் பால் டீ நிறமென்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. லீஃப் ஸ்பிரிங் பிராக்கெட் அருகே சேஸிஸில் புது வெல்டிங் தெரிந்தால் வேறு வண்டி பாருங்கள்.

தருமபுரி அருகே வத்தல்மலை இறக்கத்தில் இரண்டாம் கியரில் விட்டால், உள்ளே தேய்ந்த கியர் பாக்ஸ் கியரை வெளியே தள்ளிக் காட்டிக்கொடுத்துவிடும். 15 வருடம் தாண்டிய வண்டியா? ஆர்சி புதுப்பித்த பிறகே அட்வான்ஸ்.