எது அதிர்கிறது? வாத்தியங்களை வகுப்புக்குக் கொண்டுபோகும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்கு ஒலி பாடம் எடுக்கப் போயிருந்தேன். ஆறு கண்ணாடி பாட்டில், ஒரு குடம் தண்ணீர், ஒரு ஸ்பூன். பாட்டில்களில் ஒன்றைவிட ஒன்றில் கூடுதலாகத் தண்ணீர் ஊற்றி, ஸ்பூனால் தட்டிக் காட்டினேன். தண்ணீர் கூடக் கூடச் சுருதி இறங்கும் என்று கரும்பலகையில் எழுதியும் போட்டேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து வந்து, ஒரு பாட்டிலை எடுத்து உதட்டில் வைத்து ஊதினான். தண்ணீர் நிறைய இருந்த பாட்டில் கீச்சென்றது. கொஞ்சமாக இருந்தது பூம் என்றது. நான் எழுதியதற்கு நேர் எதிர்.

"இப்ப எது சார் சரி?"

இரண்டும் சரிதான். தட்டும்போது அதிர்வது கண்ணாடியும் அதை ஒட்டியிருக்கும் தண்ணீரும். தண்ணீர் கூடினால் சுமை கூடும், அதிர்வு மந்தமாகும், சுருதி இறங்கும். ஜலதரங்கக் கிண்ணத்திலும் இதே கதைதான். ஊதும்போது அதிர்வது தண்ணீருக்கு மேலே இருக்கும் காற்று. தண்ணீர் ஏறினால் காற்றுக்கு இடம் சுருங்கிச் சுருதி ஏறும். அன்றைக்கு நான் கேட்கத் தவறியது ஒரே ஒரு கேள்வி: எது அதிர்கிறது? அதற்குப் பிறகு கடலூரிலும் புதுச்சேரியிலும் பல பள்ளிகளுக்கு வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். நான் செய்த தவறுகளும் பிறர் செய்யக் கண்ட தவறுகளும் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தாண்டிக் குதித்ததால் வந்தவை. (பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம். தட்டினால் டொப் என்பதோடு சரி.)

சொல்லிலேயே ஒரு குழி இருக்கிறது. "சத்தம் ஏறுது" என்று நாம் எதற்கெல்லாமோ சொல்கிறோம். ரேடியோவைத் திருகினாலும் ஏறுகிறது, ச-வில் இருந்து ப-வுக்குப் போனாலும் ஏறுகிறது. முதலாவது உரப்பு, இரண்டாவது சுருதி. பாடப்புத்தகத்தில் இரண்டு சொல்லும் இருக்கின்றன. வகுப்பில் நாம்தான் கலந்துவிடுகிறோம். ஒரே சுரத்தை மெதுவாகவும் பலமாகவும் பாடச் சொல்லிவிட்டால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

அடுத்தது, தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி (தாளம் போன்ற உலோகக் கருவி) என்று பட்டியலோடு தொடங்குவது. பட்டியலில் குறையில்லை. ஆனால் அதை முதலிலேயே கொடுத்துவிட்டால் பிள்ளைகள் வாத்தியத்தைக் கேட்க மாட்டார்கள், எந்தக் கட்டத்தில் அடைப்பது என்றுதான் பார்ப்பார்கள். பெயரும் காலை வாரிவிடும். நம் பக்கத்துத் தெருக்கூத்தில் வாசிக்கிற முகவீணையை, வீணை என்று வருவதால் நரம்புக்கருவி என்று எழுதிவைத்த பிள்ளைகள் உண்டு. அது நாதஸ்வரத்துக்குத் தம்பி மாதிரி, ஊதுகிற குழல். ஆர்மோனியத்தைக் கண்டால் கீபோர்டு என்பார்கள். மேல்பலகையைக் கழற்றி, உள்ளே வரிசையாக இருக்கும் பித்தளை நாக்குகளைக் காட்டுங்கள். துருத்திக் காற்று நாக்கை ஆட்டுகிறது. நீள நாக்குக்குத் தாழ்ந்த சுரம், குட்டை நாக்குக்கு உயர்ந்த சுரம். பட்டியலைக் கடைசியில் எடுத்து, அவர்களையே பிரிக்கச் சொன்னால் கடத்தை எங்கே வைப்பது என்று சண்டை வரும். வரட்டும்.

நாதஸ்வரத்தில் நான் பட்டது தனி. திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வித்வானை அழைத்து வந்து, ஓட்டுக்கூரை வகுப்பறைக்குள் உட்கார வைத்துவிட்டேன். அவர் ஊதிய மறுகணம் முதல் வரிசை முழுக்கக் காதைப் பொத்திக்கொண்டது. அவருக்கு முகம் வாடிவிட்டது. "சார், இது சாமி புறப்பாட்டுக்கு முன்னாடி வாசிக்கிறது. ரூமுக்குள்ள வச்சா எப்படி?" என்றார். வேப்பமரத்தடிக்குப் போனோம். அதே பிள்ளைகள் நெருக்கியடித்துக்கொண்டு கேட்டார்கள். தவில், பறை, பம்பை எல்லாமே வெட்டவெளிக்கு உண்டானவை. அறைக்குள் வைத்துவிட்டு "ரொம்ப இரைச்சல்" என்று பிள்ளைகள் முடிவு கட்டினால் குற்றம் நம்முடையது.

முழு வாத்தியத்தை மட்டும் வாசிக்கவிட்டு நிறுத்திக்கொள்வதும் தவறுதான். நாதஸ்வரத்தின் வாயில் செருகியிருக்கும் ஊதுநாக்கான சீவாளியைக் கழற்றச் சொல்லுங்கள். வெறும் குழலில் ஊதினால் புஸ்ஸென்று காற்று போகும். சீவாளியை மட்டும் ஊதினால் வாத்து கத்தும். இரண்டும் சேர்ந்தால்தான் நாதஸ்வரம்: சீவாளி அதிர்கிறது, எந்தச் சுரத்தில் அதிர வேண்டும் என்பதைக் குழலுக்குள் இருக்கும் காற்று பிடித்து வைக்கிறது. விரல் திறக்கும் துளையிலிருந்து சத்தம் பிறக்கவில்லை. துளை காற்றின் நீளத்தைத்தான் மாற்றுகிறது. புல்லாங்குழலில் சீவாளியும் கிடையாது, வாய்த்துளையின் விளிம்பில் மோதும் காற்றே ஆடுகிறது. இதைப் புரியவைக்க ஒரே குழலை நாற்பது வாய்க்குக் கைமாற்றிக் கொடுக்காதீர்கள். நம் ஊரில்தான் பூவரசு இருக்கிறதே. இலையைச் சுருட்டி நுனியை நசுக்கினால் பீப்பி. ஆளுக்கு ஒன்று, காசும் இல்லை, எச்சிலும் இல்லை. அந்த நசுங்கிய நுனிதான் சீவாளி என்று சொன்னதும் ஒரு வகுப்பே நாதஸ்வரத்தைத் திரும்பிப் பார்த்தது.

மிருதங்கத்தை வெறும் "தோல்" என்று சொல்லிக் கடந்துபோவது எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. சாதாரணத் தோலைத் தட்டினால் அடிப்படைச் சுரத்தோடு கூடவே எழும் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அதனால் சத்தம் கேட்கும், சுருதி பிடிபடாது. வலந்தலையின் (வலப்பக்கத் தோல்) நடுவே சாதமும் கறுப்புக் கல்பொடியும் சேர்த்துத் தேய்த்து ஏற்றிய கரணை இருக்கிறதே, அந்தச் சுமை மேற்சுரங்களை ஏறக்குறைய முழு எண் மடங்குகளாக வரிசைக்குக் கொண்டுவருகிறது. சி.வி. ராமன் இதைப் பற்றி 1920-இல் ஒரு குறிப்பும், 1934-இல் விரிவான கட்டுரையும் எழுதியிருக்கிறார். வகுப்பில் காட்ட எளிய வழி: முதலில் பறையைத் தட்டி "இதைப் பாடிக் காட்டு" என்று கேளுங்கள். விழிப்பார்கள். அப்புறம் வலந்தலையைத் தட்டுங்கள், பாடிவிடுவார்கள். பறை தாழ்ந்தது என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். அதன் வேலை தூரத்துக்குப் போய்ச் சேர்வது, அதை மிருதங்கத்தால் செய்ய முடியாது.

இதையெல்லாம் போன் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டலாமே என்பவர்களுக்கு: மிருதங்கத்தின் இடந்தலையில் ரவை அப்பி வாசிக்கும் அந்தக் கும்கி என்ற ஆழ்ந்த ஒலி, போனில் வரவே வராது. அத்தனை சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தள்ள முடியாது. பிள்ளைகள் பாதி மிருதங்கத்தைத்தான் கேட்டிருப்பார்கள்.

வீணைக் குடம் சத்தத்தைப் "பெருக்குகிறது" என்பதும் அரைகுறை விளக்கம். இரண்டு கிளை கொண்ட உலோக இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டிக் (மேசை விளிம்பில் தட்டாதீர்கள்) கையில் பிடித்து, எத்தனை விநாடி கேட்கிறது என்று எண்ணச் சொல்லுங்கள். பிறகு தட்டியதும் அதன் காம்பை மேசைமேல் ஊன்றுங்கள். சத்தம் பளிச்சென்று எழும், ஆனால் சீக்கிரம் அடங்கிவிடும். புதிதாக எதுவும் சேரவில்லை. கவையில் இருந்த அதிர்வை அகலமான பலகை வேகமாகச் செலவழிக்கிறது. தந்திக்கும் குடத்துக்கும் இதே உறவுதான். தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரத்தைத் தேடி வருவார்கள் என்று சொல்லிப் பாருங்கள். பலாச்சுளை மட்டுமே தெரிந்த பண்ருட்டிப் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள்.

கடைசியாக நாள் பார்ப்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலூரில் தோல் வாத்தியத்தைக் கொண்டுபோனால் தொய்ந்துபோய்த் தொப் தொப் என்னும். பறையைத் தீயில் காய்ச்ச முடிந்தால் சரி, பள்ளி வளாகத்தில் பெரும்பாலும் விடமாட்டார்கள். முகூர்த்த நாளில் நாதஸ்வரக்காரர் கிடைக்கமாட்டார். ஆடியில் அவர் கிடைப்பார், பம்பைக்காரர் மாரியம்மன் கோயில்களில் இருப்பார். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறையிலோ அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்திலோ கேட்டுப் பார்த்தால் வாசிக்கும் மாணவர்கள் அகப்படலாம். யார் வந்தாலும் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாதீர்கள். போக வர வண்டிச் செலவும் ஒரு நாள் சம்பளமும் கவரில் போட்டு, நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள்.